பெயர் கெட்ட கார், பேரத்துக்கு நல்ல கார்

வாசகர் கேள்வி – பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கரையோரம் முழுவதிலிருந்தும், கடல் தாண்டி ஷார்ஜாவிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் அமெரிக்கக் கம்பெனிக் கார்கள் பற்றியவை. எல்லாவற்றிலும் கவலை ஒன்றுதான்: “இந்த வண்டிக்குப் பெயர் சரியில்லையாமே?” ஒரு காரின் கெட்ட பெயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அநேகமாக ஒரே ஒரு பாகம் இருக்கும், இல்லாவிட்டால் ஆயில் மாற்றாத ஒரு ஓனர் இருப்பார். அந்தப் பாகம் எது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு, பெயர் கெட்டதால் இறங்கிய விலை முழுக்க லாபம்.

கேள்வி: 2016 மாடல் ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல் ஒன்று மூன்றே கால் லட்சத்துக்கு வருகிறது. 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், பிக்கப் பிரமாதம். ஆனால் “கம்பெனிக்காரனே கடையைக் கட்டிட்டுப் போயிட்டான், ஒரு போல்ட்டுகூடக் கிடைக்காது” என்று வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: வாங்கலாம். ஆனால் கீழே சொல்வதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது 2021 செப்டம்பரில். சாணந்த், மறைமலை நகர் இரண்டு ஆலைகளிலும் கார் தயாரிப்பு நின்றது. விற்ற கார்களுக்குப் பாகங்களும் சர்வீஸும் தொடரும் என்று அப்போதே சொன்னார்கள். “போல்ட்டுகூடக் கிடைக்காது” என்பது அந்தச் செய்தியின் முதல் பாதியை மட்டும் கேட்டவர்கள் பேச்சு. இந்த 1.5 டீசல் இன்ஜின் ஃபிகோவில் மட்டும் வந்ததல்ல. ஈகோஸ்போர்ட், ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைல் எல்லாவற்றிலும் இதே இன்ஜின்தான். அதனால் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், பெல்ட், புஷ் போன்ற ஓட்டத்தில் தேய்கிற சாமான்களுக்குப் பிரச்சினை இல்லை. மதுரைக்கு ஒரு போன் போட்டால் பஸ்ஸில் ஏற்றி விடுவார்கள். ஹெட்லைட், பம்பர், சைடு மிரர், டேஷ்போர்டு பிளாஸ்டிக் ஆகியவைதான் தேடி அலைய வைக்கும். வாங்கும்போதே அவை உடையாமல், ஒட்டு இல்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். உடைந்திருந்தால் அந்தத் தொகையை விலையில் கழியுங்கள்.

100 பி.எஸ். சக்தி, 215 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்), எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். பட்டணம்காத்தான் தாண்டி ராமேஸ்வரம் ரோட்டில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது இந்தக் கணக்கு உங்களுக்குப் புரியும். இந்த விலைக்கு ஓட்டுகிற சந்தோஷத்தை இவ்வளவு தருகிற சின்ன டீசல் கார் வேறு கிடைப்பது கஷ்டம்.

இப்போது பார்க்க வேண்டியவை. முதலில் டைமிங் பெல்ட். இந்த இன்ஜினில் இருப்பது செயின் அல்ல, ரப்பர் பெல்ட். கி.மீ. குறைவு என்பதால் பெல்ட் இளமையாக இருக்காது, ரப்பருக்கு வருஷமும் கணக்கு. மாற்றியதற்கு பில் காட்டினால் சரி. “மாத்தியாச்சு சார்” என்று வாயால் சொன்னால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பம்ப் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போகும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, ஹெட் வேலை வரும்.

அடுத்தது இன்ஜெக்டர். வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது போங்கள், காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடியுங்கள். இன்ஜெக்டர் அடியில் தார் ஊற்றி உறைந்த மாதிரி கறுப்பாக இருந்தாலோ, ஐட்லிங்கில் ‘ச்சுக் ச்சுக்’ என்று காற்று கசியும் சத்தம் வந்தாலோ, அடியிலுள்ள செப்பு வாஷர் விட்டிருக்கிறது. வாஷர் விலை அற்பம். கவனிக்காமல் விட்டால் கரி ஆயிலில் கலந்து, டர்போவுக்கு ஆயில் போகிற குழாயை அடைத்து, டர்போவைக் கொன்றுவிடும். பிறகு “ஃபோர்டு டர்போ நிக்காது” என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பும்.

இதற்கு முந்தைய ஃபிகோவை யாராவது காட்டினால், 2013-இல் பின் ஆக்ஸில் பீமுக்கும் பவர் ஸ்டியரிங் ஹோஸுக்கும் வந்த ரீகால் (குறையைத் திருத்தக் கம்பெனியே வண்டியைத் திருப்பி அழைப்பது) வேலை அந்த வண்டியில் முடிந்திருக்கிறதா என்று சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் எந்தக் கார் வாங்கினாலும் ஐந்தாறு வருஷத்தில் துருப்பிடிக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனித் தகடு மெலிசு என்கிறார்கள். மெக்கானிக்கோ, “இந்த கம்பெனி வண்டிக்கு எலக்ட்ரிக்கல் சரியிருக்காது” என்கிறார். பழைய கார் பார்க்கும்போது அடியில் எங்கெங்கே பார்க்க வேண்டும்?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: தகட்டின் மேல் பழி போட வேண்டாம். இரு பக்கமும் கடல், நடுவில் ரோடு. பாம்பன் பாலத்தில் காற்று வீசும்போது கண்ணாடியில் வழுவழுவென்று படிகிறதே, அது உப்பு. கண்ணாடியை நீங்கள் துடைத்துவிடுகிறீர்கள், அடிப்பாகத்தை யாரும் துடைப்பதில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த வண்டியில் மணலும் சேர்ந்துகொள்ளும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் வேலையை அந்த மணல் செய்யும்.

வண்டியைப் பட்டறையில் பிட்டிலோ ராம்ப்பிலோ ஏற்றச் சொல்லுங்கள். கையில் டார்ச், தடித்த ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய காந்தம் போதும். அடியில் புத்தம் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். துருவின் மேல் ரப்பர் கோட்டிங் அடிப்பது சீழ் வைத்த புண்ணைக் கட்டிவைப்பது போல. உப்பும் ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொண்டு, வெளியே வழவழப்பாகவும் உள்ளே பொரிந்தும் போகும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு ‘டிங்’ என்று பேசும், போனது ‘பொத்’ என்று சொல்லும்.

பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப்தான் முதலில் பார்க்க வேண்டியது. தரைத்தகட்டை ஒட்டிப் போகும் அந்த இரும்புக் குழாயை பிளாஸ்டிக் கிளிப் பிடிக்கிற இடத்தில்தான் உப்பு தங்கும். கிளிப்பை விலக்கி, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறதா? குழாயை மாற்றியே ஆக வேண்டும், பேச்சே இல்லை. செப்பு-நிக்கல் குழாய் போட்டால் இந்தக் கரைக்கு நீடிக்கும். பிறகு முன் கிராஸ் மெம்பரில் லோயர் ஆர்ம் போல்ட் ஏறும் இடம், பின் பீமின் வெல்டிங் ஓரம், கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டின் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகள். ஓட்டையில் மெல்லிய கம்பி விட்டதும் மணல் கொட்டினால், உள்பக்கம் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். கதவின் அடி விளிம்பிலும் சக்கர வளைவிலும் காந்தம் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே இருப்பது பட்டி.

மெக்கானிக் சொன்ன எலக்ட்ரிக்கல் விஷயத்துக்கு வருவோம். எங்கள் கணிப்பில், கடற்கரையில் ஒரு காருக்கு ‘கரண்ட் கோளாறு’ என்று பெயர் வந்தால் பத்தில் பெரும்பங்கு எர்த்தில்தான் முடியும். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகிற கேபிளின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். லைட் மங்கும், சென்சார் தப்புக் கணக்குக் கொடுக்கும், டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும். கம்ப்யூட்டரை மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸ் மேலும் மறுமுனையை இன்ஜின் இரும்பு மேலும் வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் போய்விட்டது. போல்ட்டைக் கழற்றி, தகடு மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் பாதி ‘கம்ப்யூட்டர் கோளாறு’ போய்விடும்.

வாங்கிய பிறகு 15 நாளைக்கு ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அலசுங்கள். தோட்டத்துக்குப் பூச்சி மருந்து தெளிக்கிற ஸ்பிரேயர் இருந்தால் 15, 20 லிட்டர் போதும், குடிதண்ணீர்ப் பஞ்சமுள்ள மாவட்டத்தில் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. போர் தண்ணீர் நாக்கில் உவர்த்தால் காருக்கும் ஆகாது. அதில் கழுவுவது உப்பைப் புதுப்பிப்பதுதான். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். காற்றோட்டமான கீற்றுக் கொட்டகை அதைவிட நூறு மடங்கு மேல்.

துரு ஆரம்பித்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி, ஒரு நாள் காயவிட்டு, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் பெயின்ட். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டினாலும் அடுத்த கச்சான் காற்றுக்கு முன் திரும்பி வரும்.

கேள்வி: ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக், 2014 மாடல், ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது. இதற்கும் வீண் பழிதானா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: இல்லை. இந்தக் கெட்ட பெயர் நியாயமானது. அந்த 1.5 பெட்ரோலில் வந்தது இரட்டைக் கிளட்ச் ஆறு ஸ்பீடு கியர்பாக்ஸ். கிளட்ச் ஆயிலில் மூழ்காத உலர்ந்த வகை. ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சூடேறி நடுங்கும், கண்ட்ரோல் யூனிட்டும் மடியும். அமெரிக்காவில் ஃபோகஸ், ஃபியஸ்டா ஓனர்களை அழவைத்த அதே பெட்டி. 2017 இறுதியில் முகம் மாறி வந்த ஈகோஸ்போர்ட் பெட்ரோலில் இந்த உலர்ந்த கிளட்ச் இல்லாத டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வந்தது. ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள்.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை, ஷார்ஜாவில் வேலை. 2013 ஃபோர்டு மஸ்டாங் வி6 (ஆறு சிலிண்டர்) ஒன்று 28,000 திர்ஹத்துக்கு வருகிறது. ரூம்காரர்கள் “வி8 இல்லாத மஸ்டாங் மஸ்டாங்கே இல்லை, அமெரிக்க வண்டி கராஜிலேயே கிடக்கும்” என்கிறார்கள். செவர்லே கமாரோ வி6-உம் பார்வையில் இருக்கிறது. எதை எடுக்கலாம்? ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவர முடியுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. பழைய கார் இந்தியாவுக்குள் வர, தயாராகி மூன்று வருஷத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். நீங்கள் பார்ப்பது இடப்பக்க ஸ்டியரிங். வலப்பக்க ஸ்டியரிங்கோடு ஆலையிலிருந்தே மஸ்டாங் வரத் தொடங்கியது 2015-இல் வந்த தலைமுறையில்தான். அங்கேயே ஓட்டி, அங்கேயே விற்கிற கணக்கில் வாங்குங்கள்.

“வி6 மஸ்டாங் சப்பை” என்ற பெயர் பழைய வி6-களுக்கு உரியது. 2005 முதல் 2010 வரை வந்த 4.0 லிட்டர் இன்ஜினுக்கு 210 குதிரைத்திறன்தான். 2011-இல் அதைத் தூக்கிவிட்டு 3.7 லிட்டர் வைத்தார்கள், 305 குதிரைத்திறன். அதற்கு முந்தைய வருஷம் விற்ற வி8 ஜி.டி.க்கே 315-தான். ஆக, உங்கள் ரூம்காரர்கள் கேலி செய்யும் வி6, 2010-இல் அவர்கள் ஆசைப்பட்டிருக்கக்கூடிய வி8-க்குப் பத்து குதிரைதான் குறைவு. விலை கூடிய சூப்பர் 98 பெட்ரோல் ஊற்ற வேண்டியதில்லை, ஸ்பெஷல் 95 தாராளம்.

இன்னொரு வதந்தி, “இந்த ஃபோர்டு வி6-இல் வாட்டர் பம்ப் இன்ஜினுக்குள்ளே இருக்கிறது, கசிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து இன்ஜின் காலி” என்பது. இன்ஜினைக் குறுக்காக வைத்த முன்சக்கர டிரைவ் கார்களுக்கு அது உண்மை. மஸ்டாங்கில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது, பம்ப் வெளியே ஃபேன் பெல்ட்டில் சுழல்கிறது. பேனட்டைத் திறந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்.

பேனட்டைத் திறக்கும்போது அதன் முன்விளிம்பின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பேனட் அலுமினியம். மடிப்பில் அரிப்பு பிடித்து பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், இது அந்த மாடலின் பிறவிக் குறை. ஓட்டத்துக்குக் கெடுதல் இல்லை, பேரத்துக்கு உதவும். பின் ஆக்ஸில் ஒரே தண்டு. மேடு பள்ளமான வளைவில் வால் துள்ளும், அது தெரிந்தே ஓட்டுங்கள். ஆயில் 5டபிள்யூ-20, 5.7 லிட்டர் பிடிக்கும்.

கமாரோவின் 3.6 வி6-க்கு டைமிங் செயின் நீளும் என்ற பெயர் உண்டு. குற்றம் பாதி செயினுடையது, பாதி ஆயில் மாற்றும் இடைவெளியுடையது. ஆரம்ப மாடல்களில் ஆயில் மாற்றச் சொல்லும் விளக்கு மிகத் தாமதமாக எரிந்தது. 2012-இலிருந்து வந்த 323 குதிரைத்திறன் இன்ஜினைப் பாருங்கள். ஸ்கேனர் போட்டு பி0008, பி0017 மாதிரி பிழைக் குறியீடு இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். யாராவது டாட்ஜ் 3.6 காட்டினால், 2011–2013 மாடல்களில் இடப்பக்க ஹெட் கோளாறு இருந்தது, மாற்றியதற்குச் சான்று கேளுங்கள்.

“கராஜிலேயே கிடக்கும்” என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் மோதியோ வெள்ளத்தில் முழுகியோ இன்ஷூரன்ஸ் கம்பெனி கைகழுவிய வண்டிகள் ஏலத்தில் போய், கப்பலேறி, வளைகுடாவில் டிங்கரிங் ஆகி விற்பனைக்கு நிற்கின்றன. அவற்றை வாங்கியவர்களின் புலம்பல் நல்ல வண்டிகள் மேலும் விழுகிறது. முல்கியாவை (அங்கத்திய ஆர்.சி. கார்டு) மட்டும் பார்க்காதீர்கள். சேஸிஸ் நம்பரை அமெரிக்க ஹிஸ்டரி ரிப்போர்ட்டில் போட்டுப் பாருங்கள், ‘சால்வேஜ்’ (இன்ஷூரன்ஸ் கைகழுவியது) என்று வந்தால் வேண்டாம். ஸ்பீடோமீட்டரில் மைல் பெரிதாக எழுதியிருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜி.சி.சி. ஸ்பெக், அதாவது வளைகுடா நாடுகளுக்கான மாடல், அந்த வெயிலுக்கென்றே தயாரானது, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே எடுங்கள். சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம், ஏர்பேக்கே உள்ளே இல்லாமலும் இருக்கலாம். 2005–2014 மஸ்டாங்குகளுக்கு டக்காட்டா கம்பெனி ஏர்பேக் ரீகால் உண்டு. அந்த வேலை முடியாத வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: லாரிக்குப் பட்டை கட்டுகிற வேலை எனக்கு. செவர்லே கார்வெட் காருக்கும் பட்டை ஸ்பிரிங்தான் என்று ஒரு தம்பி படம் காட்டினான். மாட்டுவண்டிக் காலத்துச் சாமானை வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் என்று எப்படிச் சொல்கிறார்கள்?
– வாசகர், தொண்டி

பதில்: உங்கள் தொழிலுக்கு நெருக்கமான கேள்வி. லாரியில் பட்டை நீளவாக்கில் கிடக்கிறது, இரண்டு வேலை பார்க்கிறது: பாரம் தாங்குவது, ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடிப்பது. பட்டையோடு பட்டை உரசுவதால் இறுக்கமும் சத்தமும் வருகின்றன. கார்வெட்டில் பட்டை குறுக்கே, இடச் சக்கரத்திலிருந்து வலச் சக்கரத்துக்குப் போகிறது. ஒரே பட்டை, அதுவும் இரும்பல்ல. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து வார்த்தது. சக்கரத்தைப் பிடிக்கிற வேலையைத் தனித்தனி ஆர்ம்கள் செய்கின்றன, பட்டைக்கு ஸ்பிரிங் வேலை மட்டும். உரசல் இல்லை, துரு இல்லை. 1981-இல் இதைப் பின்பக்கம் போட்டபோது 20 கிலோ அளவிலிருந்த இரும்புக் கட்டு 4 கிலோவுக்குள் வந்துவிட்டது. 2019 மாடல் வரை இந்த அமைப்பை விடவில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஓட்டிப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ இருக்கும் உறவினர் பழைய கார்வெட் தேடினால் இதைச் சொல்லுங்கள். 1997–2004 தலைமுறை நல்ல கொள்முதல். ஸ்டியரிங் லாக் சிக்கிக்கொள்வது, கிராங்க் புல்லி ஆடுவது, ஏ.பி.எஸ். யூனிட் போவது – மூன்றும் பார்த்தால் போதும். அதற்கு முந்தைய 1992–96 வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்) வாட்டர் பம்புக்கு நேர் கீழே வைத்துவிட்டார்கள். பம்ப் சொட்டினால் இன்ஜின் இருமும். பம்ப்பை நேரத்தில் மாற்றியவருக்கு அந்த இன்ஜின் துரோகம் செய்யாது. பாடி ஃபைபர், துருப்பிடிக்காது. அடியிலுள்ள சட்டம் இரும்பு, அதைத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: செவர்லே க்ரூஸ் டீசல் வெள்ளை யானை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஏர்வாடி

பதில்: பராமரிக்காதவருக்கு உண்மை. 2009-இல் வந்தபோது 150 பி.எஸ்., பிறகு 166. நேர் ரோட்டில் அதன் இழுவைக்கு ஈடாக அந்த வகையில் அப்போது அதிகம் இல்லை. 2017-இறுதியில் கம்பெனி விற்பனையை நிறுத்தியது, விலை படுத்துவிட்டது. ஆரம்ப மாடலில் டைமிங் பெல்ட் ரப்பர், மேலே ஃபிகோவுக்குச் சொன்னது அப்படியே பொருந்தும். பெரிய செலவு கிளட்ச்தான், அதோடு சேர்ந்த இரட்டை ஃப்ளைவீலும் மாற்ற வேண்டிவரும். ஐட்லிங்கில் கிளட்ச்சை மிதித்து விடும்போது ‘கடகட’ என்று தட்டினால் அந்தச் செலவு உங்கள் தலையில். நல்ல கிளட்ச், பெல்ட் பில், ஒரே ஓனர் மூன்றும் சேர்ந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: “அமெரிக்கக் காருக்கு வளைவில் திரும்பத் தெரியாது” என்ற பேச்சு எப்படி வந்தது?
– கல்லூரி மாணவர், மண்டபம்

பதில்: பல காரணங்களில் ஒன்று செவர்லே கோர்வேர். பின்பக்கம் இன்ஜின் வைத்த சின்னக் கார், 1960-இல் வந்தது. 1965-இல் வந்த கடுமையான விமர்சனத்தால் அதன் பெயர் நாடு முழுக்கக் கெட்டது. 1960–63 மாடல்களில் பின் சஸ்பென்ஷன் உண்மையிலேயே பலவீனம், வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கும். ஆனால் அதைச் சமாளிக்கக் கம்பெனி சொன்ன டயர் காற்று முன்னால் 15 பி.எஸ்.ஐ., பின்னால் 26. நாலு சக்கரத்துக்கும் சமமாக அடித்தால் வண்டி வால் வீசத்தான் செய்யும். 1965 மாடலில் சஸ்பென்ஷனையே மாற்றிவிட்டார்கள். 1972-இல் வந்த அமெரிக்க அரசு அறிக்கை, பழைய மாடல்கூட அக்காலத்து மற்றக் கார்களைவிட மோசமில்லை என்றது. அதற்குள் 1969-இலேயே காரின் தயாரிப்பு நின்றுவிட்டது.

உங்கள் வீட்டுக் காரில் டிரைவர் கதவைத் திறந்தால், தூணிலோ கதவு விளிம்பிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று அதில் தனித்தனியாகப் போட்டிருக்கும். காலையில் டயர் சூடாவதற்கு முன் அந்த அளவுக்கு அடியுங்கள். பங்க்கில் “நாலுக்கும் 35 போட்டுரவா தம்பி” என்று கேட்டால், ஸ்டிக்கரைக் காட்டுங்கள்.